எட்டேகால் அடி

கொத்தனாரம்மா ஒரு சுவரைப் பார்த்தால் போதும். ரசமட்டம் வைக்காமலே அது எந்த இடத்தில் வயிறு தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பொம்பளை கொத்துக்கரண்டி பிடிப்பதா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள்கூட, அவள் எழுப்பிய சுவரில் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். "நம்ம பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப இவ தூக்குக்குண்டோடதான் போவா, பையன் நேரா நிக்கறானான்னு பாக்க" என்று வேலையிடத்தில் எல்லார் முன்னாலும் கேலி செய்வான் அவள் புருஷன். அவன் மேஸ்திரி. வேலை பிடிப்பதும் ஆள் சேர்ப்பதும் அவன். சுவர் அவளுடையது, பூச்சு அவனுடையது. இருபது வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி டீக்குச் சாரத்திலிருந்து இறங்கி, கையிலிருந்த சிமெண்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அம்மா, நான் அந்தப் படம் எடுத்தவன் பேசறேன். வச்சிராதீங்க."

எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு படம்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மூன்று நாள் விடாமல் கொட்டிய மழையில் கால்வாய் உடைத்துக்கொண்டு தெருக்களுக்குள் வந்தது. கொத்தனாரம்மாவின் தங்கச்சி அட்டைப்பெட்டி செய்கிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். தண்ணீர் உள்ளே ஏறியதும் எல்லாரும் ஓடினார்கள், அவளும் ஓடினாள். தெருவில் கால் வைத்ததும் இழுப்பு புரட்டிப் போட்டது. பட்டறையின் ஜன்னல் கம்பி கைக்கு அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். எதிர்ப்பக்க மொட்டைமாடியிலிருந்து பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். மறுநாள் பேப்பரின் முதல் பக்கத்தில் அவள் வந்தபோது உயிரோடு இல்லை.

மார்பு வரை தண்ணீர். கம்பியில் இரண்டு கை. கன்னத்தில் ஒட்டிய ஈர முடி. முகத்தைத் தூக்கிப் பார்க்கிற ஒரு பெண். 'நம்மைப் பார்க்கிறாள்' என்று அதற்குத் தலைப்புப் போட்டார்கள். எங்கெங்கோ போனது, பரிசு வாங்கியது. தலைப்பை வாசித்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுக்க அந்த ஆளுக்கு என்ன கேடு?

வீட்டில் அழுததைவிட அவனைத் திட்டியதுதான் அதிகம். அழுகை நடுவில் நின்றுபோகும், திட்டு நிற்காது. மேஸ்திரி ஒரு படி மேலே போனான். பத்தாம் நாள் அந்தப் பத்திரிகை ஆபீசுக்குள் புகுந்து, ஆளைச் சட்டையோடு பிடித்து இழுத்துக் கன்னம் கன்னமாக அறைந்தான். கேமராவைத் தரையில் போட்டு மிதித்தான். யாரும் புகார் கொடுக்கவில்லை. கேள்விப்பட்டபோது கொத்தனாரம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது. தனக்காகக் கை ஓங்க ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்தாள்.

படம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். பேப்பரை அவனே அடுப்பில் போட்டான். செத்துப்போனவளின் மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்பன்காரன் அவள் பிறந்த வருஷமே கம்பி நீட்டியவன். குழந்தையை இவர்கள் வளர்த்தார்கள். இப்போது பதினாலு வயது, இன்னமும் பாப்பாதான். அவள் நோட்டுக்கெல்லாம் அட்டை போடுவது மேஸ்திரி. அவளுக்கு அம்மை போட்டபோது பன்னிரண்டு நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனும் அவன்தான்.

"அடுத்த வாரம் ஒரு மண்டபத்துல என் படமெல்லாம் வைக்கறாங்க" என்றது போன் குரல். "அதை வைக்கறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"வேணாம். சொல்லிட்டேன், போதுமா?"

"பாக்காம சொல்லாதீங்கம்மா. நீங்க மட்டும் வாங்க."

அந்த 'மட்டும்' அவளுக்கு உறுத்தியது. செங்கல் லோடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்கு அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கிக்கொண்டே போனாள்.

சாவி வெட்டுகிற கடைக்கு மேலே ஒற்றை அறை. போட்டோக்காரருக்கு எழுபது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, படம் கழுவும் மருந்துத் தண்ணீரில் ஊறி மஞ்சளாகிப்போன நகங்கள். நீள மேசை மேல் துணி போட்டு எதையோ மூடி வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"உங்க கூடப் பொறந்தவளா இருந்தா எடுத்திருப்பீங்களா?"

"தெரியலம்மா."

சமாதானம் சொல்வார், அதற்கு இப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். 'தெரியல' அந்தப் பட்டியலில் இல்லை.

"எழுபது அடி தூரம். நடுவுல அந்த இழுப்பு. எனக்கு நீச்சல் தெரியாது. இதெல்லாம் நெசம்" என்றார் அவர். "ஏழு படம் எடுத்தேன், அதுவும் நெசம். மொதல்ல ரெண்டு தடவ கத்தினேன். அப்புறம் எடுத்தேன். மூணாவது தடவையும் கத்தியிருக்கலாம்."

துணியை எடுத்தார்.

ஆளுயரப் படம். கறுப்பு வெள்ளை. முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் சுவரைப் பார்த்தாள். பூசாத செங்கல் சுவர். கலவை சரியாக நிரப்பாத வேலை. இரண்டு இடத்தில் இணைப்பு மேல் இணைப்பு விழுந்திருந்தது. எவன் கட்டினானோ. அப்படியே சுவர் வழியாக நகர்ந்து ஜன்னலுக்கு வந்து, கம்பிக்கு வந்து, கைக்கு வந்தாள். தங்கச்சியின் கை. கட்டை விரலில் அட்டை வெட்டும் கத்தி பட்ட தழும்பு. அதற்கு மேல் முகம்.

படத்தின் ஓரத்துக்குப் பார்வையை நகர்த்தினாள்.

"பேப்பர்ல வந்தது இப்படி இல்லையே. இவ்வளவு அகலமா இல்லையே?"

"பேப்பர் அளவுல, இடது பக்கம் நாலு விரல் அகலத்துக்கு வெட்டிட்டேன். படம் ஒருத்தி மேல நிக்கணும்னு ஆபீசுல சொன்னாங்க. நானும் சரின்னேன். வெட்டினப்புறம் படம் நல்லாருந்துச்சு. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல, நல்லாருந்துச்சு."

வெட்டிய பகுதியில் பட்டறையின் வெளி மாடிப்படி இருந்தது. பாதிப் படிகள் தண்ணீருக்குள். திருப்பத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

போட்டோக்காரர் பூதக்கண்ணாடியை நீட்டினார். "அவங்க கண்ணைப் பாருங்க. மேல விழுந்திருக்கிற வெளிச்சப் புள்ளிய விட்டுடுங்க, கருமணி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்குன்னு பாருங்க."

பார்த்தாள். கண்ணாடியைக் கீழே வைத்தாள். பையில் கையை விட்டு, செங்கல் வரிசைக்குப் பிடிக்கிற நூலை எடுத்தாள். ஒரு முனையைத் தங்கச்சியின் கண்ணருகே விரலால் அழுத்திக்கொண்டு, கருமணி போகிற போக்கில் நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் கேமரா இருந்த எதிர் மொட்டைமாடிப் பக்கம் வரவில்லை. இடது பக்கமாக ஏறி, மாடிப்படித் திருப்பத்தில் நின்ற ஆளின் நெஞ்சில் போய் முடிந்தது.

"அப்ப இவ நம்மளப் பாக்கல."

"இல்ல. ஏழு படத்துலயும் ஒரு தடவகூட கேமராவப் பாக்கல. நான் வெட்டினதுல அவங்க பாத்த ஆளு போயிட்டான். அதனால பாக்கறவங்க எல்லாரும் அந்த எடத்துல போய் நின்னுக்கிட்டாங்க."

கொத்தனாரம்மா அந்த ஆளின் பக்கம் குனிந்தாள். மேல் தளத்தின் நிழல் விழுந்து முகம் பாதி இருட்டு. கையில் அவனைவிட உயரமாக ஒரு பலகை. பூச்சை இழுத்துச் சமன் செய்கிற ஆறடி மட்டப்பலகை. அதன் கீழ் முனையில் மூன்று கறுப்புப் பட்டை. வேறு ஆட்கள் எடுத்துப் போய்விடக் கூடாது என்று தாரைத் தொட்டு அந்த மூன்று பட்டையையும் போட்டவள் அவள்தான். நடுப்பட்டையில் தார் வழிந்து ஒரு வால் தொங்கும். தொங்கியது.

உடம்பை இடது காலில் சாய்த்து நிற்கிற அந்த நிற்பு. இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிற நிற்பு.

அன்றைக்கு மேஸ்திரி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேலையில் மாட்டிக்கொண்டேன், தண்ணீர் வடிந்த பிறகுதான் வர முடிந்தது என்றானே. தங்கச்சியின் உடம்பைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவனே அவன்தானே.

அவள் கை அவளைக் கேட்காமலே வேலை செய்தது. கம்பியைப் பிடித்திருந்த கைக்கும் மாடிப்படித் திருப்பத்துக்கும் நடுவே செங்கலை எண்ணினாள். ஒரு தரம் எண்ணி, திரும்ப எண்ணினாள். பதினொன்று. கலவையோடு சேர்த்து ஒரு செங்கல் ஒன்பது அங்குலம்.

"எட்டேகால் அடி" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

நூலைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் தண்ணீர் டம்ளரோடு எதிரே குந்தியிருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அவரு என் சட்டையப் பிடிச்சப்ப. அத்தனை கிட்டத்துல மூஞ்சியப் பாத்ததும்."

"பதினோரு வருஷமா ஏன் வாயத் தொறக்கல? ஊரே உங்களைக் காறித் துப்புச்சே."

அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா என் மேல இருக்கற பழி பாதி எறங்கும். அதனாலயே சொல்லல. நெசத்துக்காகச் சொல்றேனா, நான் தப்பிக்கச் சொல்றேனான்னு எனக்கே நம்பிக்கை இல்ல. அவன் எட்டடியில நின்னான், நான் எழுபதடியில நின்னேன்னு கணக்குக் காட்டினா நான் நல்லவன் ஆயிருவேனா?" டம்ளரைத் தரையில் வைத்தார். "இப்ப முழுப் படத்தையும் கேக்கறாங்க. வெட்டினத வச்சா பொய். முழுசா வச்சா உங்க வீடு ஒடையும். அதான் கூப்பிட்டேன்."

"முழுசா வச்சா உங்களுக்கும் நல்ல பேரு."

"ஆமா. அதுவும்தான்."

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வேலையிடத்துக்குத் திரும்பினாள். பஸ் ஏறியதும் இறங்கியதும் நினைவில்லை. மேஸ்திரி உள்ளறையில் தனியாகப் பூச்சு இழுத்துக்கொண்டிருந்தான்.

"லோடு எப்படி இருந்துச்சு? நல்லா வெந்த கல்லா?"

"ஏங்க, அட்டைப் பட்டறை மாடிப்படியில நம்ம பலகைக்கு என்ன வேலை?"

அவன் கை சுவரில் அப்படியே நின்றது. கரண்டியிலிருந்த கலவை சொத்தென்று தரையில் விழுந்தது. முகம் செத்துப்போயிற்று. கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

"அந்த ஆளு சொன்னானா?"

"யாரும் சொல்லல. படத்துல நிக்கறீங்க."

வெளியே யாரோ ஜல்லி கொட்டுகிற சத்தம் வந்து ஓய்ந்தது.

"தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் அவளக் கூட்டிட்டு வரலாம்னுதான் போனேன். தண்ணியில ஊன்றிக்கப் பலகைய எடுத்துக்கிட்டு, பின்பக்கமா மாடியேறி எறங்கினேன். பாதிப் படிக்கு மேல எறங்க முடியல."

"பலகைய நீட்டறதுக்கென்ன?"

"எட்டாது."

"எட்டேகால் அடி. பலகை ஆறு. உன் கை ரெண்டேகாலுக்குக் கொறையாது."

இருபது வருஷத்தில் அவள் வாயில் அவனுக்கு 'உன்' வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அது காதில் விழுந்தது.

"எட்டாமக்கூடப் போயிருக்கலாம்" என்றாள். "நீட்டிப் பாத்தியா?"

அவன் தரையைப் பார்த்தே சொன்னான். "நீட்டினா பிடிச்சு இழுப்பா, நானும் போயிருவேன்னு நெனச்சேன். அப்பவே நெனச்சேனா, அப்புறம் நானாச் சேத்துக்கிட்டேனான்னு தெரியல. கால் நகரல. கை நகரல. ஒடம்பு என்னுதாவே இல்ல. அவ்வளவுதான் நடந்துச்சு."

"அவன அடிக்கப் போனியே, அதுக்கு மட்டும் ஒடம்பு நகந்துச்சா?"

"நானும் படத்துல விழுந்திருப்பேன், சொல்லிடாதன்னு கால்ல விழத்தான் போனேன். பாத்ததும் கை முந்திக்கிச்சு. அன்னிக்கு அடிச்சப்புறம் எல்லாரும் என்னத் தட்டிக் குடுத்தாங்க. அவன எல்லாரும் திட்டத் திட்ட எனக்கு மூச்சு வந்துச்சு." கையால் முகத்தை அழுந்தத் துடைத்தான். மீசையில் சிமெண்ட் ஒட்டிக்கொண்டது. "பாப்பாவுக்குத் தெரிய வேணாம். மத்தபடி நீ என்ன சொன்னாலும் சரி."

"அது அவ அம்மா படம்."

அவள் அழவில்லை. வெளியே போய்ச் சாரத்தில் ஏறிக் கரண்டியை எடுத்தாள். அன்று சாயங்காலம் வரை அவள் வைத்த மூன்று வரிசையையும் மறுநாள் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சமைத்தாள், தட்டு வைத்தாள். அவன் சாப்பிட்டானா இல்லையா என்று பார்க்கவில்லை. அவன் நடந்து வரும் சத்தம் கேட்டாலே முதுகுத் தோல் சுருங்கியது. இந்தக் கைதான் பாப்பாவுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது, இந்தக் கைதான் நீளவில்லை. இரண்டையும் ஒரே கையாக வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் ஊமை விளையாட்டு விளையாடறீங்களா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்காததைப் பார்த்து அவளும் அடங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "பாப்பாவையும் கூட்டிட்டு வா. நீ சொன்னா அது உன் கோவமாப் போயிரும். நானே சொல்றேன். அந்தப் படத்துக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

சாவிக்கடை மாடியில் போட்டோக்காரர் கதவைத் திறந்தார். அவரும் மேஸ்திரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி கும்பிடப் போனான். கை பாதியில் கீழே இறங்கிவிட்டது. போட்டோக்காரர் நகர்ந்து வழி விட்டார்.

பாப்பா நேராக மேசைக்குப் போய்விட்டாள். அம்மாவை அத்தனை பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காது என்னை மாதிரியே இருக்கு" என்றாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "அம்மா யாரப் பாக்கறாங்க?"

போட்டோக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னை" என்றான் மேஸ்திரி.

பாப்பா நிமிர்ந்தாள். அவன் விரலை வைத்துக் காட்டினான். "இது நான்தான். இது நம்ம பலகை. நான் அங்கதான் நின்னேன் பாப்பா. வேலையில மாட்டிக்கிட்டேன்னு சொன்னது பொய். நின்னேன். ஒண்ணும் செய்யல."

பாப்பாவின் உதடு வெளுத்துப்போனது. பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், யாராவது இல்லை என்று சொல்வார்களா என்று. கொத்தனாரம்மா ஆமாம் என்று தலையை அசைத்தாள். பாப்பா மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நடுவில் படம் கிடந்தது.

"ஏன் பெரியப்பா?"

"பயம்."

"அம்மா உங்களக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா. மாமான்னா."

"காப்பாத்துங்கன்னா?"

மேஸ்திரி மூச்சை இழுத்துக்கொண்டான். இது கொத்தனாரம்மாவுக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவன் இதைச் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அது கேக்கல. 'பாப்பாவக் கூட்டிட்டு வந்தாச்சா மாமா?'ன்னு கேட்டா. உன்னைக் குழந்தைங்களப் பாத்துக்கற வீட்டுல விட்டுட்டு வந்திருந்தாள்ல. அதான் கேட்டா. ரெண்டு தடவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆச்சுன்னேன்." அவன் குரல் உடைந்தது. "எனக்கு எதுவும் தெரியாது. நீ எங்க இருக்க, யாரு கூட இருக்கன்னு ஒண்ணும் தெரியாது. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அவ சரின்னு தலைய ஆட்டினா. அப்புறம் கைய..."

கொத்தனாரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக இந்தப் பெண் எத்தனை தடவை கேட்டிருப்பாள், அம்மா கடைசியா என்ன பேசினாங்க என்று. தெரியாதும்மா, பக்கத்துல யாரும் இல்லை என்று எத்தனை தடவை தானே சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை தன் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. பக்கத்துப் பாயில், ஒரே கூரைக்குள்.

பாப்பா அழுகையைத் தொண்டையில் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப நான் எங்க இருந்தேன் பெரியம்மா?"

"என் இடுப்புல" என்றாள் கொத்தனாரம்மா. "தண்ணி வருதுன்னதும் மொதல்ல உன்னத்தான் போய்த் தூக்கினேன். மேட்டுல இருக்கற பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டு போயிட்டேன். உன் கால்ல ஒரு சொட்டுப் படல."

"அம்மா கேட்டப்பவா?"

"அதுக்கெல்லாம் முன்னாடியே."

பாப்பா மறுபடி படத்தைப் பார்த்தாள். கம்பியை, கையை, முகத்தை. பிறகு மேசைக்கு எதிரே நின்ற மேஸ்திரியைப் பார்த்தாள். அவள் பார்வையில் என்ன இருந்தது என்று கொத்தனாரம்மாவால் சொல்ல முடியவில்லை.

"அப்ப நீங்க சொன்னது பொய்யில்லையே பெரியப்பா."

கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அவன் கரையேறியிருக்கலாம். அந்தப் பெண்ணே நீட்டினாள். கொத்தனாரம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய்தான் பாப்பா" என்றான் மேஸ்திரி. "எனக்குத் தெரியாதில்ல. பொய்தான்."

போட்டோக்காரர் துணியைக் கையில் எடுத்தார், மூடலாமா என்று கேட்பதுபோல. கொத்தனாரம்மா அவர் கையிலிருந்து துணியை வாங்கி நாற்காலி மேல் போட்டாள்.

"முழுசாவே வைங்க" என்றாள்.

மேஸ்திரி சரியென்று தலையை ஆட்டினான்.